கடல் ஏறுகிறதா, நிலம் ஏறுகிறதா?

நில அளவை வேலையில் காலம் முழுக்க மட்டக் கருவியோடு அலைந்தவன் என்பதால், உயரம், மட்டம், எல்லை என்று எந்தக் கேள்வி வந்தாலும் ஆசிரியர் எனக்கே அனுப்பிவிடுகிறார். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடலைப் பற்றியவை. மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்): என் மகன் குடும்பத்தோடு நோர்வேயில், பேர்கன் நகரில் இருக்கிறான். கடல் ஏறுகிறது என்று இங்கே எல்லோரும் பயப்படுகிறார்களே என்றேன். "அம்மா, எங்கட பக்கம் நிலம்தான் உயருது, கடல் பெரிசா ஏறாது" என்கிறான். கடல் என்றால் எல்லாம் ஒன்றோடொன்று தொடுத்த தண்ணீர்தானே? அங்கே ஏறாத கடல் இங்கே மட்டும் எப்படி ஏறும்?

பதில்: அம்மா, மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் குடியிருக்கும் ஊருக்கு அது கொஞ்சம்தான் பொருந்தும்.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் நோர்வே, சுவீடன், பின்லாந்து எல்லாம் ஒரே பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தன. நடுப்பகுதியில் அதன் தடிப்பு 3 கிலோமீற்றர் அளவு. அந்தப் பாரத்தில் நிலம் அமிழ்ந்து, அடியிலுள்ள சூடான பாறைப் படை பக்கங்களுக்கு ஒதுங்கியது. கித்துள் பாணியில் ஒரு தட்டை அழுத்திவிட்டு எடுத்தால் பாணி ஊர்ந்து ஊர்ந்து பழைய மட்டத்துக்கு வருமே, அதேபோலத்தான் அந்தப் பாறைப் படையும் திரும்பி வருகிறது. வித்தியாசம் என்னவென்றால், அது ஆயிரக்கணக்கான ஆண்டு எடுக்கும். பனி கரைந்து 10,000 ஆண்டளவாகியும் அந்த நிலம் இன்னும் எழும்பிக்கொண்டே இருக்கிறது.

எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் அல்ல. பனி ஆகத் தடிப்பாக இருந்த சுவீடனின் வடகிழக்குக் கரையில் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவு. ஒஸ்லோவில் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர். பனிப்பாளத்தின் ஓரமாக இருந்த தென்மேற்கு நோர்வேயில், அதாவது பேர்கன், ஸ்ரவாங்கர் பக்கம், 1 அல்லது 2 மில்லிமீற்றர்தான். 2006 முதல் 2018 வரை உலகக் கடல் சராசரியாக ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர் ஏறியிருக்கிறது. கழித்துப் பாருங்கள். ஒஸ்லோவில் நிலம் முந்துகிறது, பேர்கனில் கடல் முந்துகிறது. ஒரே நாட்டுக்குள்ளேயே இரண்டு விடை.

அந்தப் பக்கத்து மக்கள் இதை விஞ்ஞானம் சொல்லி அறிந்தவர்கள் அல்லர். கடல்நாய்கள் ஏறிப் படுக்கும் பாறைகள் சுவீடன் கரையில் பெறுமதியான சொத்து. வேட்டைக்காரர் அவற்றுக்கு உரிமை கொண்டாடினார்கள், பத்திரங்களிலும் எழுதிவைத்தார்கள். கடல்நாய்க்குப் பாறையின் தலை நீரோடு நீராக இருக்க வேண்டும், மேலே எழும்பிவிட்டால் அதால் ஏற முடியாது. பேரன் காலத்தில் அந்தப் பாறை உயர்ந்து பயனற்றுப் போயிருக்கும். வெப்பமானியால் நாம் அறிந்த அந்தர்ஸ் செல்சியஸ் இந்தப் பாறைகளின் கதைகளைத் தேடித் திரட்டி, 1731இல் இயெவ்லே நகருக்கு அருகே ஒரு பாறையில் நீர்மட்டக் குறி ஒன்றையும் வெட்டுவித்தார். நிலம் எழும்புகிறது என்று அவர் நினைக்கவில்லை. கடல் நீர்தான் குறைகிறது என்று நம்பினார். அவர் விளக்கம் நிற்கவில்லை, குறி நிற்கிறது. அளவை வேலை செய்தவன் என்ற முறையில் அந்த மனிதர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஸ்டொக்ஹோமில் 1774 முதல் கடல் மட்டத்தைப் பதிந்து வருகிறார்கள். நீண்ட காலம் அங்கே கடல் ஆண்டுக்கு 4 மில்லிமீற்றர் அளவில் இறங்கிக்கொண்டே வந்தது. அண்மைக் காலத்தில் அந்த இறக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. நிலம் எழும்பும் வேகம் மாறவில்லை. கடல் அதைப் பிடித்துக்கொண்டு வருகிறது.

இனி, நீங்கள் கேட்ட "ஒரே தண்ணீர்" விடயம். கிறீன்லாந்தின் பனிப்பாளம் மிகப் பெரிய பொருள் என்பதால் சுற்றியுள்ள கடல் நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரைந்து குறையக் குறைய அந்த இழுவையும் தளர்கிறது. அதுவரை அங்கே தேங்கி நின்ற நீர் தூரக் கடல்களுக்குப் போய்ச் சேர்கிறது. அதனால் கிறீன்லாந்திலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் தூரத்துக்குள் கடல் மட்டம் ஏறுவதற்குப் பதிலாக இறங்கும். நோர்வே அந்த எல்லையை ஒட்டி இருப்பதால், கிறீன்லாந்து கரைவதில் அதன் கரைக்கு வருவது உலகச் சராசரியின் சிறு பங்குதான். இலங்கையோ கிறீன்லாந்துக்கும் தூரம், அந்தாட்டிக்காவுக்கும் தூரம். எந்தப் பக்கத்துப் பனி கரைந்தாலும் சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதலாக நமக்கு வரும். இதை எழுதும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

ஈர்ப்பு கடலை மேடுபள்ளமாக்குமா என்று சந்தேகப்படுபவர்கள் நம்முடைய கடலையே பார்க்கலாம். இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் ஈர்ப்பு குறைந்த ஒரு பெரும் பரப்பு இருக்கிறது. கணக்கில் வைத்திருக்கும் ஒழுங்கான பூமி வடிவத்தோடு ஒப்பிட்டால், அங்கே கடலின் மேற்பரப்பு 100 மீற்றருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. உலகில் அதைவிடத் தாழ்ந்த கடற்பரப்பு வேறில்லை. கப்பலில் போகிறவருக்கு அது தெரியாது. மட்டம் என்பதைத் தீர்மானிப்பதே ஈர்ப்புத்தான் என்பதால் சுற்றியுள்ள நீர் அந்தப் பள்ளத்துக்குள் ஓடி விழுவதுமில்லை.

மகனிடம் ஒன்று கேளுங்கள். பேர்கன் துறைமுக ஓரத்தில் பழைய மரவீடுகளின் வரிசை இருக்கிறது, பிறிகன் என்று பெயர், யுனெஸ்கோ மரபுரிமை. புயலும் கடற்பெருக்கும் ஒன்றாக வரும் நாட்களில் அங்கே தண்ணீர் ஏறுவதை அவர் பார்த்திருக்கக்கூடும்.

கேள்வி (பம்பலப்பிட்டி, உயர்தர மாணவி): 2100ஆம் ஆண்டில் ஒரு குறிப்பிட்ட கரையில் கடல் எவ்வளவு ஏறும் என்று இப்போதே எப்படிக் கணக்கிடுகிறார்கள்? எதை எதோடு கூட்டுகிறார்கள்?

பதில்: மகளே, நல்ல கேள்வி. நோர்வேயை வைத்தே சொல்கிறேன், அந்தக் கணக்கில் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

முதல் வேலை இன்றைய கடல் எங்கே நிற்கிறது என்று அறிவது. இது சுலபமல்ல. துறைமுகச் சுவரில் ஒரு குழாயை நிறுத்தி, அடியில் சிறு துவாரம் மட்டும் விடுவார்கள். அலையின் துள்ளல் உள்ளே வராது; மெல்ல ஏறி இறங்கும் வற்றுப்பெருக்கு மட்டும் வரும். பழைய கருவிகளில் உள்ளே ஒரு மிதவை, இப்போது பெரும்பாலும் ராடார் அல்லது அழுத்த உணரி. பக்கத்துப் பாறையில் அடித்த பித்தளைக் குறியிலிருந்து கருவியின் உயரத்தை அடிக்கடி சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் துறைமுகச் சுவர் அமர்வதையே கடல் ஏறுவதாக எழுதிக்கொண்டிருப்போம். சந்திரனின் பாதைச் சாய்வு 18.6 ஆண்டுக்கு ஒரு சுற்று வருவதால் வற்றுப்பெருக்கின் அளவும் அந்தச் சுற்றில் கூடிக் குறையும். ஆகவே ஐந்து பத்து ஆண்டுப் பதிவை வைத்துக்கொண்டு எதையும் அடித்துச் சொல்ல முடியாது. 1992 முதல் செய்மதிகளும் கடலின் உயரத்தை அளக்கின்றன, ஆனால் கரையை நெருங்க நெருங்க அவற்றின் அளவீடு குழம்பும்.

பிறகு கூட்டல். சூடேறும் நீர் விரிவது ஒன்று. நீரோட்டங்களும் உப்பின் அளவும் மாறுவதால் நீர் ஓரிடத்தில் குவிந்து இன்னோரிடத்தில் குறைவது இன்னொன்று. மலைப் பனியாறுகள், கிறீன்லாந்து, அந்தாட்டிக்கா, நிலத்தடியிலிருந்து இறைத்துக் கடலில் சேரும் நீர், அணைக்கட்டுகளில் தேக்கியதால் கடலுக்குப் போகாத நீர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் உலகச் சராசரி ஒன்று இருக்கும். அதை அப்படியே கூட்டுவதில்லை. முன் பதிலில் சொன்ன ஈர்ப்பு மாற்றத்தின்படி, இந்தக் கரைக்கு அதில் எத்தனை பங்கு என்று பெருக்கித்தான் கூட்டுவார்கள். இதற்கான சமன்பாட்டை பரெல், கிளார்க் என்ற இருவர் 1976இல் முறையாக எழுதினார்கள். கடைசியில் நிலத்தின் அசைவைக் கழிப்பது. அதற்கு நிரந்தர ஜிபிஎஸ் நிலையங்கள், பல தசாப்தமாகத் திரும்பத் திரும்பப் பிடித்த மட்டங்கள், பனிப்பாளப் பாரத்தின் மாதிரிக் கணக்கு எல்லாம் வேண்டும். நோர்வேக்கு இந்தக் கழித்தல் கூட்டலின் அளவுக்கே பெரியது. அதில் ஆண்டுக்கு அரை மில்லிமீற்றர் தவறினால் நூற்றாண்டில் 5 சென்ரிமீற்றர் தவறும்.

நோர்வேக்காரர் 2015இல் வெளியிட்ட அறிக்கையில், பசுமையில்ல வாயுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகினால் இந்த நூற்றாண்டின் கடைசி 20 ஆண்டுகளில் கடல் 1986–2005 காலத்தைவிட 15 முதல் 55 சென்ரிமீற்றர் வரை உயர்ந்திருக்கும் என்று கணித்தார்கள். இந்த 15க்கும் 55க்கும் இடையிலான வித்தியாசம் ஊருக்கு ஊர் உள்ள வித்தியாசம். நிலம் வேகமாக எழும்பும் ஒஸ்லோ, துரொண்ஹைம் கீழ்ப் பக்கம். தென்மேற்குக் கரை மேல் பக்கம். ஒவ்வொரு ஊருக்குரிய எண்ணுக்கும் தனியாக ஒரு நிச்சயமின்மை வீச்சும் உண்டு. 2024இல் கணக்கைப் புதுப்பித்தார்கள். அந்தாட்டிக்கா எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சரிந்தால் என்ன நடக்கும் என்பதுதான் எந்தக் கணக்கிலும் ஆகப் பெரிய சந்தேகம். காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐபிசிசி 2021இல் வெளியிட்ட அறிக்கை, வாயுக்கள் மிகப் பெருகும் நிலையில் 2100இல் உலகச் சராசரி ஏற்றம் 0.63 முதல் 1.01 மீற்றர் என்று சொல்லிவிட்டு, 2 மீற்றரை நெருங்குவதையும் முற்றாக ஒதுக்கிவிட முடியாது என்கிறது. வாயுக்களை வெகுவாகக் குறைத்தால் 0.32 முதல் 0.62 மீற்றர்.

கொழும்புக்கு வருவோம். இலங்கை அந்தப் பனிப்பாளங்களின் பாரத்தைச் சுமந்ததில்லை. இங்கே நிலத்தின் இயற்கையான ஏற்ற இறக்கம் மிகச் சிறிது. அதாவது கழிப்பதற்கு நம்மிடம் ஒன்றுமில்லை, எல்லாம் கூட்டல்தான்.

அதைவிடப் பாரதூரமான ஒன்று இருக்கிறது, உன் வகுப்புத் தோழிகளுக்கும் சொல். பேர்கனில் அமாவாசை, பூரணையை ஒட்டி வரும் பெரும் பெருக்குக் காலத்தில் நீரின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரைத் தாண்டும். அதன் மேல் புயல் வரும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்ரிமீற்றர் உயரும். வட அத்திலாந்திக் புயலில் அழுத்தம் 50 மில்லிபார் இறங்கினால் காற்று தள்ளுவதற்கு முன்பே அரை மீற்றர். ஆகவே அங்கே சாதாரணப் பெருக்குக்கும் நூறாண்டுக்கொரு முறை வரும் பெருக்குக்கும் இடையே பெரிய இடைவெளி. அந்த மக்கள் அந்த இடைவெளியை விட்டே கட்டிப் பழகியவர்கள். கொழும்பில் வற்றுப்பெருக்கு முக்கால் மீற்றரைத் தாண்டாது, அழுத்தமும் பெரிதாக மாறாது. கடல் அமைதியாக ஒரே மட்டத்தில் நிற்கும் என்று நம்பி நாம் கரையோரம் வரை கட்டிவிட்டோம். இடைவெளி சிறிதாக இருக்கும் இடத்தில் 20 சென்ரிமீற்றர் ஏற்றமே, நூறாண்டுக்கொரு முறை வந்ததை அடிக்கடி வருவதாக்கிவிடும். வெப்பமண்டலக் கரைகள் பலவற்றில் 2050க்குள் அப்படியான பெருக்கு ஆண்டுதோறும் வரலாம் என்று ஐபிசிசி 2019இலேயே எழுதிவிட்டது. ஏற்றத்தின் அளவை மட்டும் பார்த்துப் பேர்கனையும் கொழும்பையும் ஒப்பிட்டால் இது கண்ணில் படாது.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): வட துருவத்தில் மிதக்கும் பனி முழுவதும் கரைந்தால் கடல் எத்தனை அடி ஏறும்?

பதில்: ஏறக்குறைய ஒன்றுமில்லை. மிதக்கும் பனி தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே ஒதுக்கிக்கொண்டுதான் மிதக்கிறது. நிலத்தின் மேல் இருக்கும் பனி கடலுக்குள் வந்தால்தான் ஏற்றம்.

கேள்வி (கல்கிசையிலிருந்து ஒரு வாசகர்): நாங்கள் சிறுவயதில் பந்தடித்த கடற்கரை இப்போது இல்லை. தென்னைகள் வேரோடு விழுந்துவிட்டன. கடல் மட்டம் உயர்ந்ததால்தானே?

பதில்: ஐயா, உங்கள் கரையைத் தின்றதில் பெரும் பங்கு மணல் பற்றாக்குறைக்கு உரியது. மேற்குக் கரைக்கு மணல் கொண்டுவருபவை களனி ஆறு, மகா ஓயா போன்ற ஆறுகள். கொழும்பைக் கட்டுவதற்கு அந்த ஆறுகளின் அடியிலிருந்தே மணலை அள்ளினோம். தென்மேற்கில் அம்பலாங்கொடை, ஹிக்கடுவைப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை உடைத்தோம். அலையைத் தடுத்த இயற்கைச் சுவர் போயிற்று. ஓரிடத்தில் கல் அணை போட்டால் அதற்கு அப்பால் மணல் அரிக்கும். வெள்ளவத்தையில் ரயில் பாதையோரக் கற்குவியலுக்கு முன்னால் நின்று பாருங்கள். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றின் அலை கல்லில் மோதித் திரும்பும்போது அடி மணலையும் இழுத்துக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரியும். கல் பாதையைக் காக்கிறது, கரையைக் காக்கவில்லை.

கடல் மட்ட ஏற்றத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. 1901 முதல் 2018 வரை உலகச் சராசரி 20 சென்ரிமீற்றர் ஏறியிருக்கிறது. தட்டையான மணல் கரையில் உயரத்தில் ஒரு சென்ரிமீற்றர் என்பது கிடையாக அதன் பல மடங்கு. ஆனால் எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் போட்டுவிட்டால், மணல் அள்ளுகிறவர் தப்பிவிடுவார். நாளைக்கே நிறுத்தக்கூடியது மணல் அள்ளுவதுதான். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி (தெஹிவளை வாசகி): மரைன் டிரைவ் பக்கம் ஒரு தொடர்மாடியில் வீடு வாங்க முற்பணம் கட்டப் போகிறோம். இடம் "கடல் மட்டத்திலிருந்து 3 மீற்றர் உயரம்" என்று வரைபடத்தில் இருக்கிறது. நம்பலாமா?

பதில்: தங்கச்சி, அந்த 3 மீற்றர் எந்தக் கடலிலிருந்து என்று முதலில் கேளுங்கள். நம் நாட்டு உயரக் கணக்கின் பூச்சியம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்புத் துறைமுகத்தில் அளந்த சராசரிக் கடல் மட்டம். அளவையாளருக்கு அது மாறாத ஒரு குறி, மாறக்கூடாத குறி. ஆனால் கடல் அந்தக் குறியில் நிற்கவில்லை. வரைபடத்தில் உள்ள 3 மீற்றர் இன்றைய கடலிலிருந்து 3 மீற்றர் அல்ல, அதைவிடக் குறைவு.

அடுத்தது, கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடக் கால்வாயைப் பாருங்கள். வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் கடலில் விழுகின்றன. கொழும்பின் மழை நீர் வடிவதற்கு அவற்றின் சாய்வு ஏற்கெனவே மிகச் சிறிது. பெருமழையும் உயர்ந்த கடலும் ஒரே நேரத்தில் வந்தால், முகத்துவாரத்தில் மணல் திட்டும் சேர்ந்தால், நீர் பின்னோக்கித் தேங்கும். கடல் 20 சென்ரிமீற்றர் ஏறினால் அலை உங்கள் வாசலுக்கு வராது. ஆனால் உள்ளே நகரத்தில் நீர் வடிய எடுக்கும் நேரம் கூடும். 2016 மே மாதம் கொலன்னாவையில் நீர் எத்தனை நாள் நின்றது என்பதை அங்கே இருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வாகனத் தரிப்பிடமும் மின் பிறப்பாக்கியும் நீர்த் தாங்கியும் நிலத்துக்குக் கீழே இருக்கிறதா, நிலம் சதுப்பை நிரப்பியதா, கால்வாயிலிருந்து எவ்வளவு தூரம் என்று கட்டுகிறவரிடம் எழுத்தில் கேளுங்கள். சதுப்பை நிரப்பிய நிலம் தானும் அமரும்.

நோர்வேயில் யாரும் தன் ஊரின் பெயரைத் தேடி அந்தக் கரைக்குரிய எண்ணைப் பார்க்கலாம். களஞ்சியம் போன்ற கட்டடம் என்றால் 20 ஆண்டுக்கொரு முறை வரும் வெள்ளத்திலிருந்து காப்பு வேண்டும், வீடு என்றால் 200 ஆண்டு, வைத்தியசாலை என்றால் 1,000 ஆண்டு என்று சட்டத்திலேயே வகுத்திருக்கிறார்கள். நிலம் எழும்பிக் கைகொடுக்கும் ஒரு நாடு இவ்வளவு கவனமாக இருக்கிறது. மட்டக்குளி, வெள்ளவத்தை, மொறட்டுவை என்று ஊருக்கு ஊர் அப்படியொரு எண் நமக்கும் வேண்டும். வீடு வாங்குகிற ஒவ்வொருவரும் அதைக் கேட்கத் தொடங்கினால், கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கத்தான் வேண்டிவரும்.

கேள்வி (கொழும்பில் வசிக்கும் ஊர்காவற்துறைக்காரர்): ஊரில் எங்கள் கிணற்று நீர் வருடத்துக்கு வருடம் உவர்க்கிறது. கடல் ஏறுவதுதான் காரணமா? கிணற்றைத் தூர்த்துவிடலாமா?

பதில்: தூர்க்க வேண்டாம் தம்பி. தீவுகளிலும் குடாநாட்டிலும் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர், உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே 40 அடி அளவுக்கு அது உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது பழைய கணக்கு. அதைத் திருப்பிப் பார்த்தால் ஆபத்து விளங்கும்: மேலே ஓரடியை இறைத்துத் தாழ்த்தினால் கீழே உவர்நீர் 40 அடி எழும்பப் பார்க்கும். மோட்டர் போட்டு மணிக்கணக்கில் இறைப்பது, கடல் பத்தாண்டில் ஏறுவதைவிடப் பெரிய கெடுதியை ஒரு கோடையில் செய்துவிடும்.

கிணற்றை ஆழமாக்காதீர்கள், ஆழமாக்கினால் உவருக்குத்தான் கிட்டப் போவீர்கள். சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு இறையுங்கள். மாரியில் கூரை நீரையும் வளவு நீரையும் கடலுக்கு ஓடவிடாமல் வளவுக்குள்ளேயே நிலத்தில் இறங்க விடுங்கள். பக்கத்துக் குளமும் கேணியும் தூர்ந்திருந்தால் ஊரைக் கூட்டித் தூர் வாருங்கள். உவர் அளக்கும் சிறு மின்கடத்துதிறன் மானி கடைகளில் கிடைக்கிறது. மாதம் ஒரு முறை, இறைப்பதற்கு முன், ஒரே ஆழத்தில் நீர் எடுத்து அளந்து, திகதியோடு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு மாரிப் பதிவு சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.